எடை பார்த்தது யார்? பச்சைக் காபிக் கொட்டை விவகாரம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பச்சைக் காபிக் கொட்டை உடல் எடையைக் குறைக்கும் என்ற பேச்சு உலகம் முழுக்கப் பரவியது 2012-ல். அதைப் பரப்பியதில் பெரிய பங்கு அமெரிக்க டிவி டாக்டர் மெஹ்மத் ஆஸுக்கு உண்டு. அவருடைய நிகழ்ச்சியில் ஆதாரமாகக் காட்டப்பட்ட ஆய்வு அமெரிக்காவில் நடந்ததல்ல. நம்ம பெங்களூரில் நடந்தது. இங்கே 16 பேரிடம் எடுத்ததாகச் சொல்லப்பட்ட எடைக் கணக்கு கடல் தாண்டிப் போய், அங்கே கோடிக்கணக்கான டாலர் வியாபாரமாகி, அப்புறம் டப்பாவில் அடைத்த பொடியாக இதே பெங்களூரின் அல்சூர் கடைகளுக்கே திரும்பி வந்தது.

நான் பெங்களூரில் கிளினிக்கல் டிரையல் மானிட்டராக வேலை செய்கிறேன். ஆய்வு நடக்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போய், கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கும் எண்ணும் நோயாளியின் ஃபைலில் கையால் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. அதனால், டிவி டாக்டர் சொன்னது சரியா தப்பா என்பதோடு இந்த விவகாரத்தை என்னால் விட முடியவில்லை. அந்த 16 பேரின் எடையைப் பார்த்தது யார், எதில் எழுதினார்கள், எழுதியதை அப்புறம் யாராவது திறந்து பார்த்தார்களா என்றுதான் முதலில் கேட்கத் தோன்றுகிறது. இதற்கான பதில்கள் அமெரிக்க அரசு வெளியிட்ட ஆவணங்களிலேயே இருக்கின்றன.

16 பேர், 22 வாரம்

டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் அப்ளைட் ஃபுட் சயின்சஸ் என்று ஒரு கம்பெனி. பச்சைக் காபிக் கொட்டையின் சாறு அது விற்கும் சரக்குகளில் ஒன்று. வறுக்காத கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் நிறைய இருக்கிறது, வறுக்கும்போது அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. வறுக்காத கொட்டைக்குத் தனி மவுசு வந்ததற்கு இதுதான் காரணம். அந்தச் சாறு எடையையும் கொழுப்பையும் குறைக்கிறதா என்று பார்க்க, 2010-ல் கம்பெனி இந்தியாவில் ஆய்வு நடத்தப் பணம் கொடுத்தது.

ஆய்வுக் கட்டுரை 2012 ஜனவரியில் ஒரு நீரிழிவு, உடல் பருமன் ஆய்விதழில் வெளியானது. 22 முதல் 46 வயது வரையிலான 16 பேர், கொஞ்சம் கூடுதல் எடை உள்ளவர்கள். ஒவ்வொருவரும் மூன்று கட்டத்தையும் கடக்க வேண்டும். ஆறு வாரம் ஒரு நாளைக்கு 1,050 மில்லிகிராம் சாறு, ஆறு வாரம் 700 மில்லிகிராம், ஆறு வாரம் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. நடுவில் இரண்டிரண்டு வாரம் இடைவெளி. மொத்தம் 22 வாரம். முடிவில் ஒருவருக்குச் சராசரியாக 8 கிலோ குறைந்தது என்றது கட்டுரை. உணவில் பெரிய மாற்றம் இல்லாமலே குறைந்தது என்றும் சொன்னது.

8 கிலோ என்பது சாதாரண எண் அல்ல. இதற்கு முந்தைய வருடம், 2011-ல், பச்சைக் காபிச் சாறு பற்றி அதுவரை வந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் சராசரி வித்தியாசம் 2.47 கிலோ என்றது. தொகுப்பில் சேர்ந்த மூன்று சோதனைகளுமே தரம் குறைந்தவை என்றும் அதே கட்டுரை எச்சரித்தது. சரி, அங்கே இரண்டரை கிலோ, இங்கே எட்டு கிலோ. இந்த இடத்திலேயே யாராவது நின்று மூல நோட்டைக் கேட்டிருக்க வேண்டும்.

16 பேரை மூன்று வரிசையாகப் பிரித்தால் ஒரு வரிசைக்கு ஐந்து அல்லது ஆறு பேர்தான் வருவார்கள். அதில் ஒரே ஒருவருடைய எடையை ஐந்து கிலோ மாற்றி எழுதினால், அந்த வரிசையின் சராசரி கிட்டத்தட்ட ஒரு கிலோ நகர்ந்துவிடும். பெரிய ஆய்வில் ஒரு தவறான எண் கூட்டத்தில் கரைந்து போகும். சின்ன ஆய்வில் அது முடிவையே மாற்றிவிடும். ஆட்கள் குறையக் குறைய ஒவ்வொரு எண்ணையும் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒரு எடை எழுதப்படும் விதம்

ஒழுங்காக நடக்கிற ஆய்வில் எடை எப்படி எடுப்பார்கள் என்று சொல்கிறேன். எல்லா வருகைக்கும் ஒரே மெஷின். அந்த மெஷின் சரியாகக் காட்டுகிறது என்பதற்கான சான்றிதழ் தேதியோடு ஃபைலில் இருக்கும். செருப்பு கழற்றி, பையில் இருக்கும் போனையும் சாவியையும் எடுத்து வைத்துவிட்டு, முடிந்தால் காலையில் வெறும் வயிற்றில் நிறுத்துவார்கள். நர்ஸ் எண்ணைப் பார்த்ததும் அங்கேயே, அப்போதே எழுதுவார். முதலில் விழும் அந்தக் காகிதத்தை சோர்ஸ் டாகுமென்ட் என்போம். எங்கள் வேலைக்கு அஸ்திவாரமே அதுதான்.

எழுதும்போது 71.4-ஐ 74.1 என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். ஒயிட்னர் கூடாது. மேலே கிறுக்கி மறைக்கக் கூடாது. தப்பான எண் படிக்கத் தெரியும்படி நடுவில் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், அதற்குக் கீழே திருத்தியவரின் இனிஷியல், திருத்திய தேதி, ஏன் திருத்தினார் என்று ஒரு வரி. நான் போகும்போது கோடு போட்ட ஒவ்வொரு இடத்தையும் பார்ப்பேன். ஒரே பக்கத்தில் ஏழெட்டு எடை திருத்தியிருந்தால், எல்லாத் திருத்தமும் ஒரே நாளில் ஒரே பேனாவில் போட்டிருந்தால், கேள்வி கேட்பேன். பதில் திருப்தியாக இல்லையென்றால் அது மேலே போகும். மாத்திரைக் கணக்கும் அப்படித்தான். யாருக்கு எந்த எண் போட்ட பாட்டில் கொடுத்தார்கள், எத்தனை மாத்திரை திரும்பி வந்தது என்று ஒன்று விடாமல் பதிவாகும்.

இப்போது பெங்களூர் ஆய்வைப் பற்றி வியாபார மோசடிகளை விசாரிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தன் புகாரில் சொன்னதைப் பாருங்கள். ஆய்வை நடத்தியவர் பங்கேற்றவர்களின் எடையையும் மற்ற முக்கிய அளவுகளையும் பலமுறை மாற்றினார். ஆய்வு எத்தனை காலம் நடந்தது என்பதையும் மாற்றினார். யார் எப்போது சாறு சாப்பிட்டார்கள், யார் எப்போது வெற்று மாத்திரை சாப்பிட்டார்கள் என்பதையே தவறாகச் சொன்னார். இந்த ஆய்விலிருந்து நம்பத்தகுந்த எந்த முடிவுக்கும் வர முடியாது என்றது கமிஷன். இதைப் படிக்கிறபோது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இது நான் தினமும் வேலை பார்க்கிற ஊர். என்னோடு வேலை செய்கிறவர்கள் ஒரு புள்ளி வித்தியாசத்துக்காக மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஃபைலைத் தோண்டுகிறவர்கள்.

அடுத்து நடந்தது இன்னும் மோசம். ஆய்வை நடத்தியவரால் கட்டுரையை எங்கேயும் வெளியிட முடியவில்லை. உடனே கம்பெனி அமெரிக்காவின் ஸ்க்ரான்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவரை நியமித்து, கட்டுரையைத் திரும்ப எழுத வைத்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத தரவுகள் கைக்கு வந்தும், அவர்களோ கம்பெனியோ அது உண்மைதானா என்று சரிபார்க்கவே இல்லை என்கிறது கமிஷன். திருத்தி எழுதிய கட்டுரை ஆய்விதழில் வந்துவிட்டது. ஆய்விதழில் வந்துவிட்டால் அப்புறம் யாரும் நோட்டைக் கேட்பதில்லை.

நியூயார்க் ஸ்டூடியோ

மெஹ்மத் ஆஸ் போலி டாக்டர் அல்ல. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹார்வர்டில் படித்தவர். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதய அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர். பிரபல டிவி தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரேயின் நிகழ்ச்சியில் வந்து பிரபலமாகி, 2009-ல் தன் பெயரிலேயே தினசரி நிகழ்ச்சி தொடங்கினார். இதயத்தை வெட்டித் தைக்கத் தெரிந்த ஒருவர் சொல்கிறார் என்றால் யார்தான் நம்பாமல் இருப்பார்கள்?

2012 ஏப்ரலில் அந்த நிகழ்ச்சியில் பச்சைக் காபிக் கொட்டை வந்தது. எல்லா உடல்வாகுக்கும் ஏற்ற, மாயம் போன்ற எடைக்குறைப்பு வழியை விஞ்ஞானிகள் இந்தச் சின்னக் கொட்டையில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்ற தொனியில் ஆஸ் அறிமுகம் செய்தார். கூடவே இயற்கை மருத்துவர் என்ற பெயரில் ஒரு விருந்தினர். அவர் நிகழ்ச்சிக்கு வர ஒப்புக்கொண்ட கையோடு அதே சாற்றை விற்கும் வேலையையும் ஆரம்பித்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. எந்தச் சொல்லைப் போட்டு இணையத்தில் தேட வேண்டும் என்பதைக்கூட நிகழ்ச்சியிலேயே பார்வையாளர்களுக்குச் சொன்னார். அந்தச் சொல்லைத் தேடினால் அவருடைய சரக்கு வந்து நிற்கும்படி ஏற்பாடு. 2015 ஜனவரியில் அவரும் அவருடைய கம்பெனிகளும் 90 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டு கமிஷனோடு வழக்கை முடித்துக்கொண்டார்கள்.

கேள்விகள் எழுந்ததும் அதே 2012-ல் ஆஸ் தன் ஸ்டூடியோவிலேயே ஒரு சோதனை நடத்தினார். பார்வையாளர்களில் சுமார் 100 பெண்கள், இரண்டு வாரம். சாறு சாப்பிட்டவர்களுக்கு இரண்டு பவுண்டு குறைந்தது, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு ஒரு பவுண்டு. வித்தியாசம் ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவு. இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாலே அவ்வளவு எடை ஏறிவிடும். எடை பார்க்கிற வேலையில் இருக்கிற யாரும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க மாட்டார்கள். டிவியில் அது வெற்றி மாதிரி காட்டப்பட்டது.

டெக்சாஸ் கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. ஆஸ் நிகழ்ச்சியை ஏற்பாடு செய்ததில் அதற்குப் பங்கில்லை என்று கமிஷனே சொல்கிறது. ஆனால் ஒளிபரப்பானதும் அதைக் காட்டிப் பத்திரிகைக் குறிப்பு வெளியிட்டது. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் இல்லாமலே எடை குறைந்தது என்று அதில் சொன்னது. உண்மையில் ஆய்வில் கலந்துகொண்டவர்களிடம் சாப்பாட்டைக் குறைக்கவும் உடற்பயிற்சியைக் கூட்டவும் சொல்லியிருந்தார்கள். 2014 செப்டம்பரில் அந்தக் கம்பெனி 35 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

விசாரணையும் அதற்குப் பின்னும்

2014 ஜூன் 17 அன்று அமெரிக்க செனட்டின் துணைக்குழு முன்னால் ஆஸ் உட்கார்ந்தார். தலைமை வகித்தவர் மிசௌரி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில். நீங்கள் அதிசயம் என்று சொன்ன பொருள்கள் விஷயத்தில் விஞ்ஞான உலகம் ஏறக்குறைய ஒட்டுமொத்தமாக உங்களுக்கு எதிராக நிற்கிறது என்று அவர் நேராகவே சொன்னார். நான் பேசும் பொருள்களை நான் நம்புகிறேன், பார்வையாளர்களை உற்சாகப்படுத்துவதும் என் வேலை என்ற ரீதியில் ஆஸ் பதில் சொன்னார். அவற்றில் பலவற்றுக்கு உண்மை என்று முன்வைக்கும் அளவுக்கு அறிவியல் பலம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். தன் பெயரையும் படத்தையும் அனுமதியில்லாமல் பயன்படுத்தி விற்கிறவர்களால் தானும் பாதிக்கப்படுவதாகச் சொன்னார். அதில் உண்மை இருந்தது. ஆனாலும் அந்த விற்பனைக்காரர்களுக்குச் சரக்கை விடப் பெரிய முதலீடு அவருடைய வாயிலிருந்து வந்த சொற்கள்தான்.

2014 அக்டோபரில் ஸ்க்ரான்டன் ஆய்வாளர்கள் இருவரும் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். தரவு செல்லுபடியாகும் என்று ஆய்வுக்குப் பணம் கொடுத்தவர்களால் உறுதி தர முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். ஜனவரி 2012-ல் யாராவது கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

அதே டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் எழுதிய கட்டுரை வந்தது. ஆஸ் நிகழ்ச்சியிலிருந்து 40 பகுதிகள், அதே மாதிரியான இன்னொரு மருத்துவ நிகழ்ச்சியிலிருந்து 40 பகுதிகள், ஒவ்வொன்றிலிருந்தும் 80 பரிந்துரைகள் எடுத்து ஆதாரம் தேடியிருந்தார்கள். ஆஸ் சொன்னவற்றில் 46 சதவீதத்துக்கு ஆதாரம் இருந்தது. 15 சதவீதத்துக்கு நேர் எதிரான ஆதாரம் இருந்தது. 39 சதவீதத்துக்கு ஆதாரமே கிடைக்கவில்லை. எனக்கு அதில் பெரிதாகப் பட்டது இன்னொரு எண். பரிந்துரைப்பவருக்கு அந்தப் பொருளில் பண ஆதாயம் உண்டா என்று சொல்லப்பட்டது வெறும் 0.4 சதவீதப் பரிந்துரைகளில்தான்.

2015 ஏப்ரலில் பத்து மருத்துவர்கள் சேர்ந்து, ஆஸைப் பேராசிரியர் பொறுப்பில் வைத்திருக்கக் கூடாது என்று கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார்கள். பேராசிரியர்களின் கருத்துச் சுதந்திரத்தைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகம் ஒதுங்கிக்கொண்டது. நிகழ்ச்சி 2022 ஜனவரி வரை ஓடியது. அதே வருடம் ஆஸ் செனட் தேர்தலில் நின்று தோற்றார். 2025 ஏப்ரலில் அமெரிக்காவின் முதியோர், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களை நடத்தும் அமைப்புக்குத் தலைவரானார். கட்டுரை போனது, கம்பெனிகள் பணம் கட்டின, டாக்டரின் மதிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அல்சூர்

என் பெரியம்மா அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் இருக்கிறார். வேலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். பெரியப்பா காலமான பிறகு காலை வேலைகளை முடித்துவிட்டுத் தமிழ்ச் சேனல் முன்னால் உட்காருவது பழக்கம். அரை மணி நேர மருத்துவ நிகழ்ச்சி. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் மூலிகைப் படம். ஒருவர் போன் செய்து "வணக்கம் டாக்டர்" என்பார், டாக்டர் "சொல்லுங்கம்மா, சாப்டீங்களா?" என்பார். திரையின் அடியில், இது விளம்பரதாரர் நிகழ்ச்சி, கருத்துகளுக்குச் சேனல் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் ஓடும். கண்ணாடி போட்டாலும் பெரியம்மாவால் அதைப் படிக்க முடியாது.

அவருடைய காலை வெறும்வயிற்றுச் சர்க்கரை 268 என்று ரிப்போர்ட் வந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. சமையல் மேடையில் பச்சைக் காபிப் பொடி டப்பா இருந்தது.

"ராத்திரி மாத்திரை ஏன் பெரியம்மா நிறுத்தினீங்க?"

"நிறுத்தலம்மா, குறைச்சேன். பொடி சாப்பிடச் சாப்பிட மாத்திரை தானா குறையும்னு அவரு சொன்னாரே."

"அவரு உங்க ரிப்போர்ட்டப் பார்த்தாரா?"

"பெரிய டாக்டர் கண்ணு. எம்.டி. வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களாம். எட்டு கிலோ குறைஞ்சுதாம்."

எட்டு கிலோ என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பப் பெறப்பட்ட அதே கட்டுரையின் எண். வெளிநாட்டு ஆராய்ச்சி என்று அவர் நம்பிய அது, அவர் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போகிற தூரத்தில், இதே ஊரில் நடந்தது.

அந்த டாக்டரின் பெயரை மருத்துவ கவுன்சில் பட்டியலில் தேடினேன். பதிவு இருந்தது. பட்டம் உண்மை. இங்கேதான் நம் ஊர்ப் பேச்சு பாதை மாறிப் போகிறது என்று நினைக்கிறேன். டிவி டாக்டர் என்றதும் போலியா ஒரிஜினலா என்று பார்க்கிறோம். பதிவு எண் இருந்தால் பிரச்சினை முடிந்தது என்று விட்டுவிடுகிறோம். பதிவு எண் அவர் படித்தார் என்பதைச் சொல்லும். அவர் இன்றைக்குச் சொல்கிற எட்டு கிலோவை எந்த மெஷினில், யார் பார்த்தார்கள் என்பதை அது சொல்லாது. பட்டம் எவ்வளவு பெரியதோ, அந்தக் கேள்வியைக் கேட்க நமக்கு அவ்வளவு கூச்சம் வந்துவிடுகிறது. கொலம்பியா பேராசிரியர் விஷயத்தில் அமெரிக்காவுக்கு நடந்ததும் இதுதான்.

டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரையும் 14 இலக்க எண்ணும் இருந்தன. "கவர்மென்ட் அனுமதி இருக்கு பாரு" என்று பெரியம்மா காட்டினார். அது உணவுப்பொருள் தயாரிக்க, விற்க வாங்கும் லைசென்ஸ் எண். பொடி வேலை செய்யும் என்று யாரும் சோதித்துக் கொடுத்த சான்று அல்ல. மருந்துக் கடையில் அதே அலமாரியில் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தால் வாங்குகிறவருக்கு இரண்டும் ஒரே தரம் என்றுதான் தோன்றும். கடைக்கார அண்ணனிடம் கேட்டேன். "டிவியில சொன்ன மறுநாள் பத்து பேர் வந்து கேக்குறாங்க, இல்லேன்னா பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க" என்றார்.

பெரியம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் சர்க்கரைக்குப் பார்க்கிற ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கன்னடத்தில் இரண்டு கேள்வி கேட்பார், சீட்டு எழுதுவார், அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். மார்க்கெட்டில் பேரம் பேசவும் பஸ்ஸில் சண்டை போடவும் பெரியம்மாவுக்குக் கன்னடம் நன்றாக வரும். பாதம் எரிவதையும், ராத்திரி மூன்று தடவை எழுந்து போவதையும், மாத்திரை போட்டால் வயிறு பொருமுவதையும் விவரிக்கிற கன்னடம் வராது. அந்த மாத்திரைத் தொந்தரவை அவர் யாரிடமும் சொன்னதே இல்லை. டிவியில் ஒருவர் அரை மணி நேரம் அவருடைய தமிழில், அவருடைய தொந்தரவுகளைப் பெயர் சொல்லி, பொறுமையாகப் பேசுகிறார். மாத்திரையால் வயிறு கெடும் என்று அவராகவே சொல்கிறார். ஆஸ்பத்திரி கொடுக்காத நேரத்தை அந்த நிகழ்ச்சி கொடுத்தது. அந்த நேரம் காசு கொடுத்து வாங்கப்பட்ட விளம்பர நேரம் என்பதுதான் கொடுமை.

அடுத்த முறை நான் கூடவே போனேன். வயிற்றுப் பொருமலைச் சொன்னதும் டாக்டர் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடச் சொல்லி, மெதுவாகக் கரைகிற வகைக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் தீர்ந்த விஷயம். மூன்று மாதம் கழித்து வெறும்வயிற்றுச் சர்க்கரை 138. பொடியை நிறுத்தியதும் ராத்திரித் தூக்கமும் சரியானது. பச்சைக் கொட்டையிலும் காஃபின் உண்டு என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

எந்தச் சட்டம், யாரிடம்

சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ம் வருட மாய நிவாரணச் சட்டம் நீரிழிவு, உடல் பருமன் உட்படப் பட்டியலில் உள்ள நோய்களைக் குணமாக்கும் என்று மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. உணவு என்ற பெயரில் விற்றால் 2006-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வரும். அதில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 1994-ன் கேபிள் டிவி விதிகள், நிரூபிக்க முடியாத அதிசய குணம் இருப்பதாக நினைக்க வைக்கும் விளம்பரம் கூடாது என்கின்றன. மருத்துவர்களுக்கான 2002-ன் நடத்தை விதிகள், எந்த மருந்தின் விளம்பரத்துக்கும் தன் பெயரையோ படத்தையோ ஒப்புதலையோ ஒரு டாக்டர் தரக் கூடாது என்கின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டு வந்து அதே மாதம் நிறுத்தி வைத்ததால் பழைய விதிகள்தான் நிற்கின்றன. பதஞ்சலி வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், விளம்பரத்தில் தோன்றும் பிரபலங்களுக்கும் சமப் பொறுப்பு உண்டு என்று சொன்னது.

இவ்வளவு இருந்தும் காலை நிகழ்ச்சி ஓடுகிறது. காரணம் ஒன்று எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. புகார் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் "ஏமாற்றுகிறார்கள்" என்று பொதுவாக எழுதுகிறார்கள். என்ன சொன்னார், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தப் பொருள், லேபிளில் என்ன இருந்தது என்று இல்லாத புகாரை வைத்துக்கொண்டு எந்த அதிகாரியும் ஒன்றும் செய்ய முடியாது. எங்கள் வேலையில் எடைத் தாளுக்குக் கேட்கிற அதே ஒழுங்குதான் இங்கேயும் தேவை.

நாங்கள் புகாரை மூன்றாகப் பிரித்தோம். டப்பாவைப் பற்றியது உணவுப் பாதுகாப்புத் துறைக்கு, லேபிளின் நாலு பக்கப் படத்தோடும் லைசென்ஸ் எண்ணோடும். நிகழ்ச்சியைப் பற்றியது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் வழியாக, மறுஒளிபரப்பை போனில் பதிவு செய்து, டாக்டர் சொன்ன வாக்கியங்களை நிமிடக் கணக்கோடு எழுதி. டாக்டரைப் பற்றியது அவர் பதிவு செய்திருக்கும் மாநில கவுன்சிலுக்கு, 2002 விதிகளைக் குறிப்பிட்டு. மூன்றிலும் 2012 கட்டுரை திரும்பப் பெறப்பட்டதற்கான அறிவிப்பின் நகலை வைத்தோம்.

கையெழுத்து பெரியம்மாவுடையது. 268 காட்டிய ரிப்போர்ட்டும் 138 காட்டிய ரிப்போர்ட்டும் தேதியோடு இணைக்கப்பட வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். மூன்று புகாருக்கும் பதிவு எண் வந்துவிட்டது. கவுன்சில் மட்டும் இன்னும் விளக்கம் கேட்டுக் கடிதம் அனுப்பவில்லை.